செவில்லாவின் தெருமுனைத் தாப்பாஸ் பாரில் சாப்பிடுவது எப்படி?

கேள்வி இதுதான்: இருவர், அக்டோபரில் நான்கு நாள் ஸ்பெயினின் செவில்லா நகரில் தங்குகிறார்கள். ஒருவர் மாட்டிறைச்சி தவிர எதையும் சாப்பிடுவார். மற்றவர் சைவம், முட்டையும் பாலும் சேர்த்துக்கொள்வார். இருவருக்கும் ஸ்பானிய மொழி தெரியாது. சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தப்படும் கடைகளைத் தவிர்த்து, அந்தத் தெருக்காரர்கள் போகும் சின்னத் தாப்பாஸ் பாரில், அதாவது பானத்தோடு சிறு தட்டுகளில் உணவு தரும் கடையில், சாப்பிட வேண்டும். எப்படிப் போவது, என்ன கேட்பது, எவ்வளவு ஆகும்?

ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது. தாப்பாஸ் பார் என்பது அளவில் சுருங்கிய உணவகம் அல்ல. உணவகத்தில் உட்கார்ந்து, மெனுவை முழுக்கப் படித்து, வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். இங்கே நின்றபடியே ஒரு பானம், இரண்டு தட்டு. அவை காலியானதும் இன்னும் இரண்டு தட்டு, அல்லது கிளம்பி அடுத்த தெருவில் வேறொரு பார். வெளியூர்க்காரர்கள் அங்கே படும் சங்கடங்களில் முக்கால்வாசி, எட்டு தட்டுகளை ஒரேயடியாகச் சொல்லிவிடுவதில்தான் தொடங்குகிறது.

காரணம் அடுக்களையில் இருக்கிறது. அக்கம்பக்கத்து பாரின் அடுக்களை பெரும்பாலும் ஓர் ஆள் திரும்பி நிற்கும் அளவுதான். நம் தோசைக்கல்லைப் போன்ற பிளாஞ்சா ஒன்று, பொரிக்க ஒரு எண்ணெய்த் தொட்டி, காலையிலேயே ஆக்கிவைத்த குழம்பு வகைகள் சில, குளிர்பெட்டியில் கலந்துவைத்த சாலட்டுகள். எட்டு தட்டு கேட்டால் குளிர்ந்தவையும் குழம்பும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். பொரித்தவை அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து சேரும். இரண்டு சாண் அகல மேசையில் தட்டு வைக்க இடமிருக்காது. நீங்கள் முதல் தட்டைத் தொடும்போது பொரித்த மீன் நமுத்துப் போயிருக்கும். சமையல்காரர் மேல் தவறில்லை, கேட்ட முறையில்தான் தவறு.

உச்சரிப்புக்கு வருவோம். ‘டாபஸ்’ அல்ல, தாப்பாஸ். ஒன்று என்றால் தாப்பா. ஸ்பானியத்தின் த, ப, க மூன்றும் மூச்சுக்காற்று கலக்காத தமிழ் வல்லினங்கள் போலவே ஒலிப்பதால், தமிழில் எழுதிவைத்துக்கொண்டு படித்தாலே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். தாப்பா என்றால் மூடி. கோப்பையின் மேல் ரொட்டியோ இறைச்சித் துண்டோ மூடிபோல வைத்துக் கொடுத்ததிலிருந்து வந்த பெயர் என்பார்கள். எந்த மன்னர் அதைத் தொடங்கிவைத்தார் என்று ஊருக்கு ஒரு கதை உண்டு, எதற்கும் ஆதாரமில்லை.

நேரம்தான் அடுத்த தடை. மதியச் சாப்பாடு 2 மணி முதல் 4 மணி வரை. இரவு 8.30 அல்லது 9 மணிக்குத் தொடங்கி 11.30 வரை. இடையில், அதாவது மாலை 4.30 முதல் 8 வரை, பெரும்பாலான பார்களில் அடுக்களை மூடிவிடும். கதவு திறந்திருந்தாலும் காப்பியும் பீரும்தான் கிடைக்கும். மாலை 6.30க்குப் பசியோடு அலைந்தால் உங்களுக்குத் திறந்திருப்பவை கதீட்ரலைச் சுற்றியுள்ள, படம் போட்ட பலகை வைத்த கடைகள் மட்டுமே. மாட்டிக்கொள்வது இப்படித்தான். காலை உணவை 10 மணிக்கும் மதியத்தை 2 மணிக்கும் தள்ளிவிட்டு, மாலையில் பசித்தால் ஒரு காப்பியும் ரொட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, அடுக்களை திறக்கும் வேளையிலேயே போய் நிற்பது: மதியம் 1.15, இரவு 8.30. உள்ளூர்க் கூட்டம் வருமுன் உங்களுக்கு இடமும் கிடைக்கும், பாரில் இருப்பவருக்கு உங்களோடு பேசப் பொறுமையும் இருக்கும்.

ஞாயிறு இரவும் திங்கள் முழுவதும் பல பார்கள் விடுமுறை. திங்களன்று திறந்திருந்தாலும் மீனைத் தவிர்ப்பது நல்லது; ஞாயிறன்று பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போகாததால் புதுச்சரக்கு குறைவு. அக்டோபர் 12 தேசிய விடுமுறை. அதையொட்டிய நாட்களில் ஊரே வெளியே இருக்கும், கூட்டத்துக்குத் தயாராக இருங்கள்.

இனி அளவுகள். மெனுவில் ஒரே பதார்த்தத்துக்கு இரண்டு மூன்று விலை போட்டிருக்கும். தாப்பா என்பது சிறிய தட்டு, ஒருவருக்கு ஐந்தாறு வாய். மேதியா ரசியோன் என்பது அரைத் தட்டு, இருவர் பகிரலாம். ரசியோன் முழுத் தட்டு, மூன்று நான்கு பேருக்கு. அளவைச் சொல்லாமல் பதார்த்தத்தின் பெயரை மட்டும் சொன்னால் சில இடங்களில் ரசியோனாக எடுத்துக்கொள்வார்கள். பில் மூன்று மடங்காகும், வயிறும் அடைத்துவிடும். ஆகவே ‘ஊனா தாப்பா தே’ என்று தொடங்கிப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். இரண்டு வேண்டுமானால் ‘தோஸ் தாப்பாஸ் தே’. கடைசியில் ‘போர் ஃபவோர்’, அதாவது தயவுசெய்து.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செவில்லாவின் பல பார்களில் தாப்பா அளவு பார்ராவில், அதாவது கவுண்டரில், நிற்பவர்களுக்கு மட்டுமே. உள்ளே மேசையிலோ தெருவில் போட்டிருக்கும் தெர்ராசாவிலோ உட்கார்ந்தால் அரைத் தட்டிலிருந்துதான் தொடங்கும். சில இடங்களில் தெர்ராசாவுக்கு விலையே சற்று கூடுதல். மெனுவின் அடியில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் மட்டும் என்றால் கவுண்டரில் நிற்பதுதான் மேல் என்பேன். செலவு குறையும், வகை கூடும். அடுக்களையிலிருந்து என்ன போகிறது என்று கண்ணால் பார்த்துக் கையைக் காட்டிக் கேட்கலாம். மொழி தெரியாதவருக்கு இதைவிட நல்ல மெனு இல்லை.

கவுண்டரில் வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யார் முதலில் வந்தார் என்பது பார்க்காரருக்குத் தெரியும். கிடைத்த இடைவெளியில் போய் நின்று அவர் கண்ணில் படுங்கள். நுழையும்போது ‘புவேனாஸ்’ என்று ஒரு வணக்கம் சொல்வது முக்கியம். சொல்லாதவரை முரட்டு ஆள் என்று நினைப்பார்கள். கையைத் தட்டுவது, பணத்தை ஆட்டுவது வேண்டாம். ‘குவாந்தோ புவேதாஸ்’ என்றால் ‘கை ஒழிஞ்சதும் பாருங்க’ என்று பொருள். இந்த ஒரு தொடர் மந்திரம்போல வேலை செய்யும். முதலில் பானம் சொல்லுங்கள். அவர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது கரும்பலகையைப் பாருங்கள். பானம் வந்ததும் இரண்டு தாப்பா சொல்லுங்கள். ‘கே தியேனெஸ் ஃபுவேரா தே கார்த்தா?’ என்று கேட்டால், மெனுவில் இல்லாமல் அன்று என்ன ஆக்கியிருக்கிறார்கள் என்று சொல்வார். நல்ல பாரின் நல்ல சாமான் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆனால் விலையையும் கேட்டுவிடுங்கள். மெனுவில் விலைக்குப் பதிலாக ‘எஸ்.எம்.’ என்றிருந்தால் அன்றைய சந்தை விலை. இறாலும் மட்டியும் 100 கிராம் கணக்கில் போடுவார்கள். உவேல்வாவின் வெள்ளை இறால் அருமையானது, ஆனால் கேட்காமல் வாங்கினால் மொத்தச் சாப்பாட்டை விட அதன் விலை கூடிவிடும்.

எந்த பார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திரியானா, மக்கரேனா, ஃபேரியா தெரு, அலமேதா பகுதிகளில் தேடுங்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் மெனு, கையால் எழுதிய பலகை, கவுண்டரில் நிற்கும் நடுவயதுக்காரர்கள், உள்ளே சத்தம் ஆகியவை நல்ல அடையாளங்கள். வாசலில் நின்று ஆள் பிடிப்பவர், ஆறு மொழி மெனு, பாயெல்லா படங்கள் வரிசையாக உள்ள பலகை இருந்தால் நடையைக் கட்டுங்கள். பாயெல்லா வலென்சியா பக்கத்துச் சோறு, ஆக்குவதற்கு அரைமணிக்கு மேல் ஆகும், செவில்லாவின் தாப்பா அல்ல. பழைமையான ஒன்றையும் பார்க்க வேண்டுமென்றால், 1670 முதல் நடப்பதாகச் சொல்லும் எல் ரின்கோன்சீயோ இருக்கிறது. உங்கள் கணக்கை மரக் கவுண்டரின் மேலேயே சுண்ணக்கட்டியால் எழுதிக் கூட்டுவார்கள். பிரபலமான இடம், ஆகவே திறக்கும் நேரத்துக்கே போய்க் கவுண்டரில் நில்லுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சைவருக்கு முதலில், ஏனென்றால் சிக்கல் அங்கேதான்.

செவில்லா பாரில் சைவம் என்று கேட்டால் பரிதாபப்பட்டுச் சூரைமீன் சாலட் கொடுப்பார்கள். ‘கார்னே’ என்றால் அவர்களுக்குத் துண்டாகத் தெரியும் இறைச்சி. உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையான ஹமோன் பலர் கணக்கில் அதில் வராது, சூரை வரவே வராது. ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: ‘நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி அத்தூன்.’ இறைச்சி, ஹமோன், மீன், சூரை எதுவும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். இதைத் தாளில் ஸ்பானிய எழுத்தில் எழுதிவைத்துக் காட்டுவது இன்னும் நல்லது.

செவில்லாவின் சொந்தச் சைவத் தாப்பா எஸ்பினாக்காஸ் கொன் கார்பான்சோஸ், கீரையும் கொண்டைக்கடலையும். தமிழ் நாக்குக்கு உடனே பிடிக்கும், ஏனென்றால் இதன் வாசனையே சீரகம். பசலைக்கீரையை வேகவைத்து இறுகப் பிழிந்து, பூண்டும் ரொட்டித் துண்டும் ஆலிவ் எண்ணெயில் பொரித்து இடித்த கலவையோடு, சீரகம், சிவப்பு மிளகாய்ப்பொடியான பிமெந்தோன், ஒரு சொட்டு வினிகர் சேர்த்து, முந்தைய இரவே ஊறவைத்து வேகவைத்த கடலையோடு பிரட்டுவார்கள். கடலை முழுதாக இருக்க வேண்டும், நாக்கால் அழுத்தினால் மசிய வேண்டும். கீரை தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் சரியாகப் பிழியவில்லை. கசந்தால் பிமெந்தோன் கருகிவிட்டது என்று அர்த்தம். அதைச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துத்தான் போட வேண்டும், பத்து விநாடி அசந்தாலும் கசக்கும். பெரும்பாலான பார்களில் இது முழுச் சைவம். சில இடங்களில் இறைச்சிச் சாறு சேர்ப்பதுண்டு, ‘சின் கால்தோ தே கார்னே?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சால்மொரேஹோ. கோர்தோபா நகரில் பிறந்த குளிர்ந்த தக்காளிக் கூழ். 1 கிலோ பழுத்த தக்காளிக்கு 200 கிராம் ரொட்டி, 100 மில்லி அளவு நல்ல ஆலிவ் எண்ணெய், ஒரு பல் பூண்டு, உப்பு. இவ்வளவுதான். சிவப்பாக அல்லாமல் ஆரஞ்சு நிறமாக இருப்பதற்குக் காரணம், எண்ணெய் அரைபடும்போது குழைந்து கலந்துவிடுவது. கரண்டியில் நிற்கும் கெட்டி வேண்டும். ஓரத்தில் தண்ணீர் பிரிந்திருந்தால் வெகுநேரம் நின்ற சரக்கு. இதன் மேல் ஹமோன் துருவலும் அவித்த முட்டையும் தூவித்தான் கொண்டுவருவார்கள், ஆகவே சொல்லும்போதே ‘சின் ஹமோன்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். வந்தபிறகு வழித்து எடுத்துவிட்டுத் தருவதை ஏற்க வேண்டியதில்லை. தக்காளிக் காலம் போகப்போகச் சுவை இறங்கும். அக்டோபர் தொடக்கத்தில் நன்றாகவே இருக்கும்.

தோர்த்தீயா தே பத்தாத்தாஸ், உருளைக்கிழங்கு முட்டை அடை, எங்கும் கிடைக்கும். நடுவில் இளகி இருப்பதுதான் அவர்கள் பக்குவம். நன்றாக வெந்தது வேண்டுமானால் ‘முய் எச்சா’ என்று சொல்லலாம், ஆனால் ஏற்கெனவே சுட்டு அடுக்கியிருப்பதால் கையால் காட்டிக் கேட்பதே நடக்கும். பெரெங்ஹேனாஸ் கொன் மியேல் என்பது மெல்லிய கத்திரிக்காய் வறுவல், மேலே கரும்புப் பாகு. இதில் ஒரு கண்ணி: மீன் பொரித்த அதே எண்ணெயில்தான் பொரிப்பார்கள். அது உங்களுக்குச் சம்மதமில்லையென்றால் பொரித்தவை அத்தனையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுங்கள். சின்ன பாரில் இரண்டு எண்ணெய்த் தொட்டி இருக்காது. பாப்பாஸ் அலின்யாஸ் என்பது வெங்காயம், வினிகர், எண்ணெய் ஊறிய அவித்த உருளைக்கிழங்கு. மேலே சூரை வைப்பார்கள், ‘சின் அத்தூன்’ என்றால் நிறுத்திவிடுவார்கள். ஆனால் என்சலதீயா, அதாவது மயோனைஸில் பிசைந்த உருளை சாலட், ஏற்கெனவே சூரையோ இறாலோ கலந்து வைத்தது. அதிலிருந்து எதையும் பிரிக்க முடியாது. குரோக்கேத்தா எனும் பொரித்த உருண்டைகளில் ‘கீரை’ என்று எழுதியிருந்தாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அக்டோபரில் காளான் கிடைக்கும். ‘சேத்தாஸ் ஆ லா பிளாஞ்சா’ என்று கேளுங்கள். பூண்டும் வோக்கோசும் போட்டுக் கல்லில் வாட்டித் தருவார்கள், அதன் மேலும் சிலர் ஹமோன் தூவுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பாலாடைக்கட்டியில் கண்டிப்பான சைவர்களுக்கு ஒரு செய்தி: முதிர்ந்த கட்டிகள் பெரும்பாலும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறையவைத்தவை. விதிவிலக்காக, அண்டை மாநிலமான எக்ஸ்த்ரமதூராவின் தோர்த்தா தெல் காசார் ஒருவகை முட்செடிப் பூவின் சாற்றால் உறைவது. கரண்டியால் எடுக்கும் அளவுக்கு இளகியிருக்கும், இலேசான கசப்பு உண்டு. மெனுவில் கண்டால் விடாதீர்கள்.

மற்றவருக்கு வழி அகலம். மாட்டிறைச்சியைத் தவிர்க்க முதலில் மூன்று சொல்லை நினைவில் வையுங்கள்: தெர்னேரா, வாக்கா, தோரோ. கோலா தே தோரோ காளைவால். கர்ரியாதா என்பது தாடைச்சதைக் குழம்பு. இது பன்றியிலும் உண்டு மாட்டிலும் உண்டு, ஆகவே ‘தே இபேரிக்கோ?’ என்று கேட்டு, ஆம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஐபீரியப் பன்றியின் தாடை பல மணி நேரம் சிவப்பு ஒயினில் வெந்து, முட்கரண்டி பட்டாலே பிரியும். சொலொமீயோ அல் விஸ்கி பன்றியின் உட்சதை. வதக்கிய முழுப் பூண்டுப் பற்கள், எலுமிச்சை, ஒரு குத்து விஸ்கி சேர்த்த சாறு. இறைச்சியை விட அந்தச் சாறுதான் விசேஷம், ரொட்டியைத் தொட்டுக்கொள்ளுங்கள். பிரிங்கா என்பது கொண்டைக்கடலைக் குழம்பில் வெந்த பன்றி இறைச்சியும் கொழுப்பும் இரத்தத் தொத்திறைச்சியும் பிசைந்தது. சின்ன ரொட்டிக்குள் வைத்து வாட்டினால் மொந்தாதீத்தோ தே பிரிங்கா. இதில் மாடும் சேர்வதுண்டு, கேட்காமல் எடுக்காதீர்கள்.

மீனில், கசோன் என் அதோபோ செவில்லாவின் அடையாளம். சிறுசுறாவைத் துண்டுபோட்டு வினிகர், பூண்டு, சீரகம், ஓரெகானோ, பிமெந்தோன் கலவையில் சில மணி நேரம் ஊறவைத்து மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். நல்ல பொரியலில் மேல் மாவு மெல்லியதாக, விரலில் எண்ணெய் ஒட்டாமல் இருக்கும். எண்ணெய் 180 டிகிரிக்கு ஏறுமுன் போட்டால் மாவு எண்ணெயைக் குடித்துவிடும். வந்தவுடன் சாப்பிடுங்கள். எலுமிச்சை பிழிய வேண்டியதில்லை, வினிகர் உள்ளேயே இருக்கிறது. பொகெரோனெஸ் என் வினாக்ரே என்பது வேகவைக்காத நெத்திலி வகை மீன், வினிகரில் வெளுத்தது. புழு அபாயத்துக்காக முன்கூட்டியே உறையவைக்க வேண்டும் என்பது ஸ்பெயினில் சட்டம், ஆகவே நம்பிக்கையோடு சாப்பிடலாம். மொஹாமா சூரையின் முதுகுச்சதையை உப்பிட்டுக் காற்றில் உலர்த்தியது. மாசிக்கருவாட்டை அறிந்தவர்களுக்கு உறவு தெரியும், ஆனால் இது புகையில் வாட்டியதல்ல, கடிக்கும் அளவு மெத்தென்று, தாள் கனத்தில் சீவித் தருவார்கள்.

ஹமோனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பணம் வீணாவது இங்கேதான். 2014 முதல் ஐபீரிய ஹமோனின் குளம்பருகே நான்கு நிறங்களில் ஒரு பட்டை கட்டுவது கட்டாயம். கருப்பு என்றால் முழு ஐபீரிய இனம், ஓக் காட்டில் கருவாலிக்கொட்டை தின்று வளர்ந்தது. சிவப்பு என்றால் அதே தீனி, கலப்பினம். பச்சை வெளியில் மேய்ந்து தானியத் தீவனமும் தின்றது. வெள்ளை தொழுவத்தில் வளர்ந்தது. ‘பெய்யோத்தா’, அதாவது கருவாலிக்கொட்டை, என்று மெனுவில் எழுதிவிட்டு வெள்ளைப் பட்டைத் தொடையைச் சீவினால் அது தவறு, பட்டையைக் காட்டச் சொல்லலாம். கருப்பும் சிவப்பும் விலை கூடியவை. இருவருக்கு அரைத் தட்டு ஏராளம். சீவல் ஒரு விரல் நீளம், எதிர்ப்பக்கம் தெரியும் மென்மை, கொழுப்பு வியர்த்துப் பளபளக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தது மெழுகுபோல இருக்கும், வாசனையும் எழாது. கொழுப்பை வெட்டி எறிந்துவிடாதீர்கள், சுவையே அதில்தான். நடுவில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் பூஞ்சை அல்ல, நீண்டநாள் முதிர்ச்சியில் புரதம் சிதைந்து படியும் அமினோ அமிலப் படிகம்.

குடிப்பதற்கு, கான்யா என்பது 200 மில்லி அளவு பீர். சின்னதாகத் தருவது கஞ்சத்தனத்தால் அல்ல, வெயில் ஊரில் கடைசி வாய் வரை சில்லென்றிருக்க. உள்ளூர்க்காரர்கள் சங்கிரியா கேட்பது அரிது. சிவப்பு ஒயினில் சோடாவோ எலுமிச்சைச் சோடாவோ கலந்த தின்தோ தே வெரானோதான் குடிப்பார்கள், விலையும் குறைவு. ஆனால் இந்த ஊர்ச் சாப்பாட்டுக்குப் பிறவித் துணை, அடுத்த மாவட்டமான காதிஸிலிருந்து வரும் ஃபீனோவும் மன்சனீயாவும். இனிப்பே இல்லாத, உப்புக்காற்று வாசமுள்ள வெள்ளை ஒயின். மேலே படரும் ஈஸ்ட் படலத்தின் கீழ் முதிர்வது, மது அளவு 15 விழுக்காடு. பொரித்த மீன், ஆலிவ், ஹமோன் மூன்றுக்கும் இது போல எதுவும் பொருந்தாது. சில்லென்று இருக்க வேண்டும். திறந்து நாள்பட்ட புட்டியிலிருந்து ஊற்றினால் நிறம் கருத்து, வெட்டிவைத்த ஆப்பிள் போல மணக்கும். அதிகம் விற்கும் பாரில் இந்தத் தொல்லை இல்லை.

மது வேண்டாதவர்கள் ‘சேரோ சேரோ’, அதாவது மதுவே இல்லாத பீர், கேட்கலாம். வெறுமனே ‘சின்’ என்று கேட்டால் வருவதில் 1 விழுக்காட்டுக்குக் கீழே மது இருக்கக்கூடும். மோஸ்தோ என்பது புளிக்காத திராட்சைச் சாறு, ஆனால் செவில்லாவின் மேற்கே அல்ஹராஃபே மேட்டில் இலையுதிர்காலம் முதல் விற்கும் ‘மோஸ்தோ’ புது ஒயின். ஒரே சொல், இரண்டு சரக்கு. சமைத்த குழம்புகளில் ஒயின் சேர்ந்திருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். தண்ணீருக்கு ‘அகுவா தெல் கிரிஃபோ’ என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, செவில்லாத் தண்ணீர் நல்ல தண்ணீர்.

கேட்காமலே வரும் பொருட்கள் இரண்டு. ஆலிவ் பெரும்பாலும் இலவசம். ரொட்டிக்கூடை இலவசமல்ல, பீக்கோஸ் எனும் மொறுமொறு குச்சி ரொட்டியோடு தலைக்கு ஒரு யூரோ அளவில் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் வந்தவுடன் ‘சின் பான், கிராசியாஸ்’ என்று திருப்பிவிடலாம். சாறுள்ள பதார்த்தம் கேட்டிருந்தால் வைத்துக்கொள்வதே லாபம்.

செலவுக் கணக்கு: மையத்தை விட்டு விலகிய பார்களில் தாப்பா ஒன்று சுமார் 3 முதல் 5 யூரோ, கான்யா 1.50 முதல் 2 யூரோ. இருவருக்கு ஒரு வேளைக்கு ஆறு தாப்பா தாராளம். பசி அதிகமென்றால் ஏழு. ஆறு தாப்பா, நான்கு பானம், ரொட்டி சேர்த்து சுமார் 26 முதல் 40 யூரோவுக்குள் முடியும். வரி 10 விழுக்காடு மெனு விலையிலேயே அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பணம் தர வேண்டியதில்லை. உங்கள் கணக்கை அவர் வைத்திருப்பார், கடைசியில் ‘மே கோப்ராஸ்?’ என்றால் போதும். தலைக்குத் தனித்தனி பில் கேட்பது அங்கே வழக்கமில்லை. டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு வருவார்கள். ஒவ்வாமை இருப்பவர்கள் தயங்க வேண்டாம்: 14 ஒவ்வாமைப் பொருட்கள் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டியது ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி கடமை.

இதே பழக்கத்தோடு வேறு ஊருக்குப் போனால் விதி மாறும். கிரனாதாவில் பானம் வாங்கினால் தாப்பா இலவசம், ஆனால் எது வரும் என்பது அவர்கள் விருப்பம். சைவர் பானம் சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும். வடக்கே சான் செபஸ்தியானில் இதன் பெயர் பின்ச்சோ. கவுண்டரில் அடுக்கியிருப்பவற்றை விட, பலகையில் எழுதியிருக்கும் சூடான வகைகளைக் கேட்டு வாங்குவதே சிறப்பு.

முதல் இரவுக்கு ஓர் ஒழுங்கு தருகிறேன். 8.30க்கு முதல் பார்: ஒரு மன்சனீயா, ஒரு பீர் அல்லது மோஸ்தோ, ஹமோன் தூவாத சால்மொரேஹோ, கசோன் என் அதோபோ. அரைமணியில் கிளம்பிவிடுங்கள். இரண்டாவது பாரில் கீரைக் கொண்டைக்கடலை ஒன்று, சொலொமீயோ அல் விஸ்கி ஒன்று, இங்கே ரொட்டியை ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவதில் வாட்டிய காளான், ஐபீரியத் தாடை. இன்னும் இடமிருந்தால் பாலாடைக்கட்டி. எந்த பாரிலாவது ஏதாவது தீர்ந்துவிட்டது என்றால் வருத்தப்படாதீர்கள், அன்றன்றைக்கு ஆக்கும் இடம் அது. மறுநாள் மதியம் 1.15க்கே போய் அதையே முதலில் கேளுங்கள்.